ஏசி ரூமில் மாட்டினால் பலகைப் படம் தப்பிவிடுமா?

மரப் பலகையில் வரைந்த ஓவியத்தில் பெயின்ட் உதிர்வதைக் காட்டும் அதே போட்டோ மறுபடியும், அதே கேள்வி: "ஏசி ரூமில்தான் மாட்டியிருக்கோம், அப்புறமும் ஏன் பெயின்ட் உதிருது?" அந்த ஏசிதாங்க காரணம்.

பிரான்ஸில் கோல்மார் ஊரின் உன்டர்லின்டன் அருங்காட்சியகத்தில் இசன்ஹைம் பலிபீடப் படங்கள் இருக்கின்றன. 1512 முதல் 1516 வரை ஓவியர் க்ரூனவால்ட் லிண்டன் மரப் பலகைகளில் வரைந்தவை. இப்படிப்பட்ட படங்களுக்கு ஈரம்தான் எதிரி, காய்ந்த காற்று நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். இல்லவே இல்லை. ஈரப்பதம் ஏறி இறங்குவதுதான் எதிரி. காற்று 50 முதல் 55 சதவீத ஈரத்தில் நிலையாக இருந்தால் மரம் சும்மா கிடக்கும். பகலில் ஏசி ஓடி 45, ராத்திரி அணைத்ததும் 70 என்றால் தினமும் உப்பிச் சுருங்கும், அதுவும் நாருக்குக் குறுக்கே. மரத்தின் மேலிருக்கும் சுண்ணமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சுக்கு அப்படி வளைந்துகொடுக்கத் தெரியாது. பெயின்ட் கூடாரம்போல எழும்பி, உச்சியில் உடைந்து விழும்.

தஞ்சாவூர்ப் படமும் பலகைமேல் துணி ஒட்டி வரைவதுதான். வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை.

பலகை வளைந்தால் பின்னால் சட்டம் அடித்து நிமிர்த்திவிடலாமே என்று ஆசாரியைக் கூப்பிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பலகையை இழைத்து மெல்லிசாக்கிச் சட்டம் அடித்தார்கள். அசைய வழியில்லாத மரம் பிளந்தது.

ஏசிக் காற்று நேரே படும் சுவரும் வெளிச்சுவரும் வேண்டாம். படத்துக்குப் பக்கத்தில் காற்றின் ஈரத்தை அளக்கும் ஒரு ஹைக்ரோமீட்டர் வையுங்கள், விலை சில நூறு ரூபாய்தான். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். படத்தைத் துடைக்க ஈரத்துணி, உருளைக்கிழங்கு, சோப்புத் தண்ணீர், தயவுசெய்து எதுவும் வேண்டாம். கோல்மாரிலேயே 2011இல் ஒரு பலகையின் வார்னிஷை அவசரமாக எடுக்கிறார்கள் என்று எதிர்ப்பு வந்து வேலை நின்றது. 2018இல் தொடங்கிய சீரமைப்பு முடிய 2022 ஆயிற்று.

பெயின்ட் எழும்பியிருந்தால் விரலால் அழுத்தாதீர்கள். முகம் மேலே பார்க்கப் படத்தை மட்டமாகப் படுக்கவைத்து, கிட்டத்திலிருந்து போட்டோ எடுங்கள். உதிர்ந்த சில்லுகளைப் பெருக்கித் தள்ளாமல் ஒரு டப்பாவில் போட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதிவையுங்கள். கடையில் வாங்கிய வெள்ளைப் பசையால் ஒட்டியும் வைக்காதீர்கள். ஓவியங்களைச் சீரமைக்கும் நாங்கள் ஸ்டர்ஜன் மீன் பசையை வெதுவெதுப்பாக்கி, மெல்லிய ஜப்பான் காகிதம் வழியாக உள்ளே விடுவோம். அந்த வெள்ளைப் பசையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அதைத் தொடங்கவே முடியும்.