சிம்பலிசம்: குறியீட்டியம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியத்தைப் பற்றிப் படிக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சொல் ‘சிம்பலிசம்’. கண்முன் இருப்பதை அப்படியே வரைவதை விட்டுவிட்டு ஆன்மா, கனவு, மரணம், பக்தி போன்ற பிடிபடாதவற்றை உருவங்களால் உணர்த்த முயன்ற இயக்கம் இது. பெயரை வைத்தவர்கள் கவிஞர்கள். 1886 செப்டம்பர் 18 அன்று பாரிஸின் ‘லெ ஃபிகாரோ’ நாளிதழில் ழான் மொரேயாஸ் இதன் அறிக்கையை வெளியிட்டார். 1891இல் கலை விமர்சகர் அல்பேர் ஓரியே, ஓவியர் பால் கோகேனைப் பற்றி எழுதிய கட்டுரை அந்தப் பெயரை ஓவியத்துக்கும் உறுதி செய்தது.

வேர்ச்சொல் கிரேக்கத்தின் ‘சிம்போலோன்’. சேர்த்துப் போட்டது என்று பொருள். விருந்தோம்பலால் நட்பான இருவர் ஒரு மண்பாண்டத் துண்டையோ எலும்புத் துண்டையோ இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் அவர்களோ பிள்ளைகளோ சந்தித்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பொருந்தினால் உறவு உறுதி. கையில் இருப்பது பாதிதான், மீதி வேறோர் இடத்தில் இருக்கிறது என்ற எண்ணம் இந்தச் சொல்லோடு கூடவே வருகிறது.

தமிழில் இதற்கு ஏற்ற சொல் ‘குறியீட்டியம்’. குறி என்பதோடு இடு சேர்ந்து, இடு ‘ஈடு’ என்று நீண்டு குறியீடு ஆனது. ஆனால் ஒன்று, அஞ்சல் குறியீட்டு எண் என்று சொல்லும்போது நாம் நினைப்பது ‘இதற்கு இது’ என்ற கணக்கு. ஓவியக் குறியீடு அப்படிப்பட்டதில்லை. நீதிக்குத் தராசு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டது சின்னம். டெலக்ருவா 1830இல் விடுதலையைக் கொடி ஏந்திய பெண்ணாக வரைந்தாரே, அது உருவகம். இரண்டிலும் பொருள் முன்பே முடிவாகிவிட்டது. குறியீட்டில் அது முடிவதில்லை.

ஆங்கில ஓவியர் டான்டே கேப்ரியல் ரொசெட்டியின் ‘பெயாட்டா பெயாட்ரிக்ஸ்’ ஓவியத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். பேறுபெற்ற பெயாட்ரிஸ் என்று அர்த்தம். சுமார் 1864 முதல் 1870 வரை வரைந்தது. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயக்கத்துக்குப் பெயர் வருவதற்கு முந்தையது என்றாலும் அதற்கு வழி போட்ட படம். இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தே நேசித்த பெயாட்ரிஸ், கண்களை மூடி முகத்தைச் சற்றே உயர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கைகள் விரிந்திருக்கின்றன. அந்தக் கைகளில் ஒரு புறா கசகசாப் பூவைக் கொண்டுவந்து போடுகிறது. பின்னால் நிழல் கடிகாரம் ஒன்பதைக் காட்டுகிறது. அது அவள் இறந்த நேரம். ஆனாலும் தான் வரைந்தது மரணத்தை இல்லை, ஒருவகைப் பரவச நிலையை என்றுதான் ரொசெட்டி சொன்னார்.

இப்போது நிறங்களைக் கவனியுங்கள். கிறிஸ்தவ மரபில் தூய ஆவியைக் குறிக்கும் புறா வெள்ளை. இங்கே அது சிவப்பு, பூதான் வெள்ளை. காதலின் நிறமா, ரத்தமா, மரணத்தின் தூதா? படம் பதில் சொல்வதில்லை. பின்னாளில் ரொசெட்டி தொடங்கி, ஓவியர் ஃபோர்டு மேடக்ஸ் பிரவுன் முடித்த இன்னொரு பிரதி பர்மிங்காமில் இருக்கிறது. அதில் புறா வெள்ளை, பூக்கள் சிவப்பு! சின்னமாக இருந்தால் இப்படி மாற்றியிருக்க முடியாது.

பெயாட்ரிஸின் முகம் ரொசெட்டியின் மனைவி எலிசபெத் சிடாலுடையது. 1862 பிப்ரவரியில் அபின் கலந்த மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு அவர் இறந்துபோனார். அபின் எடுப்பது கசகசாச் செடியிலிருந்து. இது தெரிந்த பிறகு அந்தப் பூவை முன்புபோலப் பார்க்க முடிவதில்லை.

இந்த இயக்கம் நெடுகப் பெண் முகங்கள்தான். விவிலியக் கதையில் நடனத்துக்குப் பரிசாகத் திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டவள் சலோமி. 1876இல் குஸ்தாவ் மொரோ வரைந்த படத்தில் அவள், அந்தரத்தில் ஒளிவிடும் அந்தத் தலையை நோக்கிக் கை நீட்டுகிறாள். 1890இல் ஒடிலான் ரெடான், தன் மனைவி கமீயின் சாயலில், நீர்ப்பரப்புக்கு மேலே கண் மூடிய முகத்தை வரைந்தார். ஒன்று அழிக்கும் ஆசை, மற்றொன்று உள்ளுக்குள் திரும்பிய ஆன்மா. ஆண்கள் தங்கள் அச்சத்தையும் ஏக்கத்தையும் ஏற்றிவைக்கப் பெண்ணின் முகம் வேண்டியிருந்தது என்றே எனக்குப் படுகிறது. வரையும் இடம் மட்டும் அவளுக்கு இல்லை. 1892 முதல் 1897 வரை எழுத்தாளர் ஜோசெஃபான் பெலதான் பாரிஸில் நடத்திய ‘ரோஸ்-குருவா’ என்ற குறியீட்டியக் கண்காட்சிகளின் விதிகளிலேயே பெண்களின் படைப்புகளுக்கு இடமில்லை என்று எழுதியிருந்தது.

சிடால் வெறும் முகம் இல்லை. அவரே ஓவியர், கவிதையும் எழுதினார். 1855இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அவருடைய படைப்புகளுக்காக ஆண்டுக்கு 150 பவுண்டு தர முன்வந்தார். 1857இல் லண்டனில் ரொசெட்டியின் குழு நடத்திய கண்காட்சியில் படங்களை வைத்த ஒரே பெண் அவர்தான். குறியீட்டியத்துக்கு விளக்கம் எழுதுகிறவர்கள் பெயாட்ரிஸின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுத வேண்டும், மாடலாக மட்டுமில்லாமல் ஓவியராகவும்.