தாளுக்குத்தான் ஸ்கேல், வரைபடத்துக்கு அல்ல

கம்ப்யூட்டரில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் வரைந்து வைத்திருக்கும் வீட்டு பிளானுக்கு ஸ்கேல், அதாவது நிஜ அளவை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்ற விகிதம், என்று ஒன்று கிடையாது. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். வரைபலகையில் டி-ஸ்கொயர் வைத்து வரைந்த காலத்தில் முதல் கோடு போடும் முன்பே ஸ்கேலை முடிவு செய்தாக வேண்டும். 40 அடிச் சுவர் அந்தத் தாளுக்குள் அடங்க வேண்டுமே! கம்ப்யூட்டரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் 40 அடியை 40 அடியாகவே, அதாவது 12,192 மில்லிமீட்டராகவே வரைகிறோம். முழு அளவில் வரையும் இந்த வெளிக்கு மாடல் ஸ்பேஸ் என்று பெயர். சுருக்குவதெல்லாம் கடைசியில், லேஅவுட்டில்.

லேஅவுட் என்பது அச்சாகப்போகும் தாளேதான். ஏ3 என்றால் 420க்கு 297 மி.மீ. அந்தத் தாளில் வியூபோர்ட் என்ற ஜன்னலைத் திறந்து, அதன் வழியே மாடலைப் பார்க்கிறோம். மாடலை எத்தனை மடங்கு சுருக்கிக் காட்டுவது என்று அந்த ஜன்னலுக்குச் சொல்லும் எண்தான் ஸ்கேல். 1990இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் ஆட்டோகேடுக்கு இந்த வசதி கிடைத்தது.

சென்னையில் அரை கிரவுண்ட் மனை, 30க்கு 40 அடி என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டரில் 9,144க்கு 12,192. 1:100 போட்டால் தாளில் 91க்கு 122 மி.மீ.; ஏ4-இலேயே அடங்கிவிடும். ஆனால் நாலரை அங்குலச் சுவர் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கதவு, ஜன்னல் விவரமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1:50 என்றால் 183க்கு 244. ஏ3 தாளைப் படுக்கையாக வைத்தால் இது நன்றாக உட்காரும்; பக்கத்தில் டைட்டில் பிளாக்குக்கும், அதாவது பிளானின் பெயர், ஸ்கேல் போன்றவற்றை எழுதும் கட்டத்துக்கும், தாராளமாக இடம் இருக்கும்.

செய்முறை சுலபம். வியூபோர்ட்டின் ஓரக்கோட்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் பட்டியலில் 1:50 கொடுத்தால் போதும். கொடுத்த கையோடு வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள். பூட்டாமல் உள்ளே நுழைந்து மவுஸ் சக்கரத்தை ஒரு முறை உருட்டினால் 1:50 போய் வாய்க்கு வராத ஏதோ ஒரு எண் வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

பட்டியலில் உள்ள 1:50 ஒரு விஷயத்தைக் கேட்காமலே நம்பிக்கொள்கிறது: மாடலும் தாளும் ஒரே அலகில் இருக்கின்றன என்று. சர்வே பிளான்களைப் பலர் மீட்டரில் வரைவார்கள். தாளோ மில்லிமீட்டரில் இருக்கும். அங்கே 1:50 கொடுத்தால் 12.192 அலகு நீளமுள்ள மனை தாளில் கால் மில்லிமீட்டர் புள்ளியாகிவிடும். பிளானைக் காணோமே என்று தேட வேண்டியதுதான். உண்மையில் ஒரு மீட்டருக்கு 1,000 மி.மீ.; அதை 50ஆல் வகுத்தால் 20. ஆகவே அங்கே கொடுக்க வேண்டியது 20:1. பெரிதாக்குவது போலத் தோன்றினாலும் அதுதான் சரியான கணக்கு.

இப்படி அப்பட்டமாகத் தெரியும் தப்பு நல்ல தப்பு. கிட்டத்தட்ட சரியாக இருக்கும் தப்புதான் ஆபத்து. அடிக்கணக்கில் ‘அங்குலத்துக்கு 8 அடி’ என்பது 1:96. அந்தத் தாளில் 40 அடி நீளம் 127 மி.மீ. இருக்கும். அதை யாராவது 1:100 அளவுகோல் வைத்து அளந்தால் 12.7 மீட்டர் என்று காட்டும். அரை மீட்டர் கூடுதல்! அதுவும் பார்த்தவுடன் சந்தேகம் வராத அளவுக்கு நம்பும்படியான எண்.

பிளானில் நீளங்களைக் குறிக்கும் டைமென்ஷன் எண்கள் காட்டிக்கொடுக்காதா என்றால், கொடுக்காது. அவை மாடலின் நிஜ நீளத்தைத்தான் சொல்கின்றன. தாளில் அது எவ்வளவு சுருங்கியது என்பது அவற்றுக்குத் தெரியாது. ஸ்கேல் எவ்வளவு கெட்டாலும் 40 அடி என்று எழுதியிருப்பது 40 அடியாகவே நிற்கும். எழுத்தின் உயரம் மட்டும் வேறு மாதிரி. தாளில் 2.5 மி.மீ. எழுத்து வேண்டுமென்றால், 1:50க்கு மாடலில் 125 மி.மீ., 1:100க்கு 250 மி.மீ. உயரம் வைக்க வேண்டும். இந்தக் கணக்கை மென்பொருளிடமே விட்டுவிடும் அனொடேட்டிவ் வசதி 2008 பதிப்பில் வந்தது. அதைப் பழகிக்கொள்வது நல்லது என்பேன்.

அப்புறம் பிரிண்ட். லேஅவுட்டை எப்போதும் 1:1 என்றுதான் அச்சிட வேண்டும். சுருக்கும் வேலையை வியூபோர்ட் ஏற்கெனவே முடித்துவிட்டது. ‘ஃபிட் டு பேப்பர்’ குறி விழுந்திருந்தால் அது இன்னொரு முறை சுருக்கும். பிடிஎஃப்பை அச்சிடும்போதும் இதே கதைதான், ‘ஆக்சுவல் சைஸ்’ கொடுக்க வேண்டும். ஏ3-க்குச் செய்த 1:50 பிளானை ஏ4-இல் அடக்கினால் அது ஏறக்குறைய 1:71. டைட்டில் பிளாக்கோ 1:50 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால் டைட்டில் பிளாக்கில் எழுதுவதோடு நிற்காமல், ஒரு ஸ்கேல் பட்டையும், அதாவது குறிப்பிட்ட நிஜ நீளத்தைக் காட்டும் ஒரு பட்டையும், வையுங்கள். பலர் அதை லேஅவுட்டில் வரைவார்கள். அங்கே வரைந்தால் வியூபோர்ட்டின் ஸ்கேல் மாறினாலும் பட்டை அசையாமல் பொய் சொல்லும். மாடலில், பிளானுக்குப் பக்கத்திலேயே, 5,000 மி.மீ. நீளத்துக்கு வரைந்து வியூபோர்ட் வழியாகத் தெரியவிடுங்கள். அச்சான 1:50 தாளில் சாதாரண அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது 100 மி.மீ. இருக்க வேண்டும். இல்லையென்றால் அலகிலோ வியூபோர்ட்டிலோ பிரிண்டரிலோ எங்கோ கோளாறு.