மாரத்தான் நீச்சல்: நெடுநீச்சல்

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஓர் ஊர். அங்கே பெருஞ்சீரகம் மண்டிக் கிடந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். பழங்கிரேக்க மொழியில் அச்செடியின் பெயரே அதுதான். பெருஞ்சீரகத்துக்குத் தமிழில் இன்னொரு பெயர் சோம்பு. உலகிலேயே சோம்பலுக்கு இடங்கொடாத ஓட்டத்துக்குச் சோம்பின் பெயர் வாய்த்திருக்கிறது! கி.மு. 490இல் பாரசீகரை அவ்வூரில் வென்ற செய்தியைச் சொல்ல ஒருவன் ஏதென்சுக்கு ஓடினான் என்ற கதையால், 1896 ஒலிம்பிக்கில் ஊர்ப்பெயர் ஓட்டத்தின் பெயராயிற்று. பிறகு நெடுநேரம் நீடிக்கும் எதற்கும் அதை ஒட்டவைத்தார்கள். நீச்சலுக்கும் ஒட்டியது.

கடல், ஆறு, ஏரி என எங்காவது 10 கிலோமீட்டருக்குக் குறையாமல் நீந்தினால் அது மாரத்தான் நீச்சல். ஓட்டத்தின் 42.195 கிலோமீட்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்த 10 கிலோமீட்டர் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. இவ்வகைக்குச் செய்தித்தாள்கள் ‘திறந்த நீர் நீச்சல்’ என்று எழுதுகின்றன. மூடிய நீர் எது என்று யாரும் கேட்பதில்லை. பெய்ஜிங்கில் நீந்திய இடமோ படகுப் போட்டிக்காக மனிதர் அமைத்த நீர்நிலை. ‘நெடுநீச்சல்’ என்றால் போதும். கடலென்றால் ‘கடல் நெடுநீச்சல்’. அழகாக இருக்கிறதென்று ‘நெடுநீர் நீச்சல்’ என்று மட்டும் நீட்டிவிடக் கூடாது. ‘நெடுநீர் மறவி மடிதுயில்’ என்ற குறளில் நெடுநீர் என்பது காலம் தாழ்த்தும் குணம். சோம்பு மறுபடியும் வந்து சேர்ந்துவிடும்.

எனக்கு இதில் சுவையான சொல் ‘நீந்து’தான். இன்று கையும் காலும் அடிப்பதை மட்டும் குறிக்கிறது. பழைய வழக்கில் கடப்பது என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘காமக் கடல்மன்னும் உண்டே அதுநீந்தும் ஏமப் புணைமன்னும் இல்’ என்று குறளில், பிரிவில் வாடும் தலைவி சொல்கிறாள். புணை என்றால் தெப்பம். தெப்பத்தில் ஏறிப் போவதும் அவளுக்கு நீந்துவதுதான். அக்கரை சேர்வதே பேச்சு.

நெடுநீச்சலின் முதல் விதி அந்தப் புணை கூடாது என்பதே. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான ஆங்கிலக் கால்வாயில் இறங்குகிறவருக்குச் சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, உடம்பில் பூசக் கொழுப்பு போன்ற சிலவற்றுக்குத்தான் அனுமதி. குளிர் காக்கும் உடை கூடாது. படகு பக்கத்திலேயே வரும். அதைப் பிடித்து இளைப்பாறினால் முயற்சி அத்தோடு முடிந்தது. பசி வேளையில் கயிற்றில் கட்டிய குப்பியை நீரில் எறிகிறார்கள். நீந்துகிறவர் மல்லாந்து மிதந்தபடி அதைக் குடித்துவிட்டு, கையை விட்டதும் திரும்பிக் குப்புற விழுந்து அடுத்த வீச்சைத் தொடங்குகிறார். கயிற்றை எட்டிப் பிடித்துத் தொங்கிக்கொள்ளக் கூடாது. படகிலிருக்கும் கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வருவார். இதன் ஆங்கிலப் பெயரைத் ‘துணையில்லா நீச்சல்’ என்று மொழிபெயர்ப்பது சரியில்லை. துணை உண்டு, புணைதான் இல்லை. ‘புணையில்லா நீச்சல்’ என்பேன்.

‘ஆங்கிலக் கால்வாய்’ என்ற பெயரும் உறுத்தத்தான் செய்கிறது. கால்வாய் வெட்டப்படுவது, இதுவோ மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் 33 கிலோமீட்டர் அகலமுள்ள கடல். பாக் நீரிணைக்கு வைத்ததுபோல் இதற்கும் நீரிணை என்றே வைத்திருக்கலாம். இனி மாற்ற முடியாது, வேரூன்றிவிட்டது. அதை முதன்முதலில் புணையின்றிக் கடந்தவர் மாத்யூ வெப். 1875 ஆகஸ்டில் கடற்பன்றி எண்ணெயைப் பூசிக்கொண்டு டோவரில் இறங்கி, 21 மணி 45 நிமிடங்களில் பிரான்சின் கலே அருகே கரையேறினார். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளியதால், நேர்கோட்டுத் தூரத்தைவிட மிகக் கூடுதலாக நீந்த வேண்டியிருந்தது. 1926இல் கெர்ட்ரூட் எடர்லே அதைக் கடந்த முதல் பெண்ணானார். 1958இல் இந்தியரான மிஹிர் சென் கடந்தார். 1966இல் ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகளை நீந்தி முடித்தார். 1994இல் குற்றாலீசுவரன் என்ற சிறுவன் அந்த எண்ணிக்கையை ஆறாக்கினான்.

இவற்றைச் ‘சவால்’ என்கிறோம். அரபியில் கேள்வி என்று பொருள்படும் சொல் அது. ‘அறைகூவல்’ இருக்கிறது, ஆனால் மேடையேறிப் பேசுகிற வாடை அடிக்கிறது. சவாலே இருக்கட்டும்.

‘நீந்திக் கடந்தார்’ என்ற வழக்கையும் மாற்ற வேண்டாம். பழம்பொருளில் பார்த்தால் ஒன்றையே இருமுறை சொல்வதுதான். ஆனால் இன்றைக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. ஈழத்து வீரர் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தினார். அந்த முயற்சியிலேயே உயிரிழந்தார்.