டை அண்ட் டை: முடிச்சுச் சாயம்

ஜவுளிக்கடைப் பலகையிலும் கோடை வகுப்பு விளம்பரத்திலும் 'டை அண்ட் டை' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் முதல் சொல்லுக்குக் கட்டுதல் என்றும் இரண்டாவது சொல்லுக்குச் சாயம் ஏற்றுதல் என்றும் பொருள். முதல் ஒலி வல்லொலி, இரண்டாவது மெல்லொலி. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'டை' என்றுதான் எழுத முடியும். கழுத்தில் கட்டுவதும் டை, நரைமுடிக்குப் பூசுவதும் டை என்று ஆகிவிட்ட நிலையில், 'டை அண்ட் டை' என்று படிக்கும் ஒருவருக்கு அந்தத் துணியை எப்படிச் செய்தார்கள் என்பது துளியும் விளங்காது. எந்தச் சொல்லைக் கடன் வாங்கினாலும் பொருளில் பாதியாவது கூட வரும். இதில் அதுவும் வரவில்லை. தமிழில் இதை முடிச்சுச் சாயம் என்று சொல்லலாம்.

பொருள் எளிது. துணியில் சில இடங்களை நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்க வேண்டும். கட்டு இருக்கும் இடத்துக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் அந்த இடம் பழைய நிறத்திலேயே இருக்கும், சுற்றியுள்ள துணி புது நிறம் பெற்றிருக்கும். தூரிகையோ அச்சோ தேவையில்லை. எந்த இடத்தில் முடிச்சு, எவ்வளவு இறுக்கம், எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்ற மூன்றும்தான் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன.

தொழில் மிகப் பழையது. வடமொழிப் புலவர் பாணபட்டர் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹர்ஷசரிதத்தில், மன்னர் ஹர்ஷரின் தங்கை ராஜ்யஸ்ரீயின் திருமண ஏற்பாடுகளை விவரிக்கும் இடத்தில் கட்டிச் சாயமிட்ட துணி வருகிறது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் இதற்குப் பாந்தனி, பந்தேஜ் என்று பெயர். கட்டுதல் என்ற பொருளுள்ள 'பந்த்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்த சொற்கள் இவை. நாம் புழங்கும் பந்தம், பந்தனம் ஆகியவையும் அதே வேர்தான். இந்தத் துணி 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தைக்குப் போனபோது 'பாந்தனூ' என்ற இந்திச் சொல்லும் கூடவே போய், ஆங்கிலத்தில் 'பண்டானா' ஆயிற்று. தலையிலும் கழுத்திலும் கட்டிக்கொள்ளும் அந்தச் சதுரத் துணி இப்போது அச்சில்தான் வருகிறது. முடிச்சு போய்விட்டாலும் பெயரில் அது தங்கிவிட்டது. 'டை டை' என்ற ஆங்கிலக் கூட்டுச்சொல் இதற்கெல்லாம் பிந்தியது. 1960களில் அமெரிக்க இளைஞர்களின் பனியன்கள் வழியாகத்தான் அது உலகெங்கும் பரவியது.

மற்ற மொழிகள் இதற்கு வைத்த பெயர்களையும் பார்க்கலாம். ஜப்பானியரின் 'ஷிபோரி', பிழிதல் அல்லது நெரித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. மலாய், இந்தோனேசிய மொழிகளின் 'பெலாங்கி'க்கு வானவில் என்று பொருள். அவர்கள் கையின் வேலையை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் நிறத்தால் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தியப் பெயர்கள் பெரும்பாலும் கட்டுவதைச் சொல்கின்றன. தமிழுக்கும் அந்த வழிதான் பொருந்தும்.

நம் ஊரிலேயே இந்தத் தொழில் இருக்கிறதே, அதற்குப் பெயர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மதுரைச் சௌராட்டிர மக்கள் செய்யும் சுங்குடி. பேச்சில் சுங்கடி என்றும் சொல்வார்கள். வட்டம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து இந்தப் பெயர் பிறந்ததாகச் சொல்வது வழக்கம். சேலையின் உடல் முழுக்க வெள்ளை வட்டப் புள்ளிகள் நிறைந்திருப்பதால் அந்த விளக்கம் பொருந்துகிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் சுங்குடியை எல்லாவற்றுக்கும் பொதுச்சொல்லாக்குவது சரியாக இருக்காது. அது ஓர் ஊருக்கும் ஒரு சமூகத்துக்கும் உரிய தனிப்பெயர், குறிப்பிட்ட புள்ளி வடிவத்துக்கு உரியது. பனியனில் சுழல் சுழலாக ஐந்து நிறம் ஊற்றியதைச் சுங்குடி என்றால் அந்தப் பெயரின் மதிப்பு போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று சுங்குடி என்று விற்கும் சேலைகளில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ திரை அச்சிலோ புள்ளி வைத்தவை. அதாவது சுங்குடி எல்லாம் முடிச்சுச் சாயம் அல்ல, முடிச்சுச் சாயம் எல்லாம் சுங்குடியும் அல்ல.

கட்டுச்சாயம் என்று சொன்னால் என்ன? சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுச்சோறு என்ற சொல் நம் காதில் பதிந்திருப்பதால், மூட்டை கட்டிய சாயம் என்றே முதலில் தோன்றும். தவிர, 'இக்கத்' என்ற வேறொரு முறை இருக்கிறது. நெய்வதற்கு முன்பே நூல் கற்றையைக் கட்டிச் சாயமேற்றி, பிறகு தறியில் போடுவார்கள். தெலங்கானாவின் போச்சம்பள்ளிச் சேலையும் குஜராத்தின் பாட்டன் நகரத்துப் பட்டோலாச் சேலையும் அந்த வகை. அதை நூற்கட்டுச் சாயம் என்று வைத்துக்கொண்டு, நெய்த துணியில் செய்வதை முடிச்சுச் சாயம் என்றால் குழப்பம் வராது. மெழுகு தடவிச் சாயமேற்றும் 'பாட்டிக்' மெழுகுச் சாயம் ஆகட்டும்.

எழுதும்போது 'முடிச்சு சாயம்' என்று விடக்கூடாது. முடிச்சு வன்தொடர்க் குற்றியலுகரம், அதன் பின் வல்லினம் மிகும். ஆகவே முடிச்சுச் சாயம், முடிச்சுச் சாயச் சேலை, முடிச்சுச் சாயமிட்ட கைக்குட்டை. பட்டறைப் பேச்சில் சாயம் முக்குதல், சாயம் ஏற்றுதல், தோய்த்தல் எல்லாமே உண்டு, எல்லாம் சரியே. 'வண்ணம்' மட்டும் வேண்டாம். வண்ணம் பூசுவது, மேலே படிவது. சாயம் இழைக்குள் இறங்குவது. சாயவேர் என்ற செடியின் வேரிலிருந்து சிவப்பு எடுத்த காலத்திலிருந்து சோழமண்டலக் கரையில் புழங்கிய சொல் அது. ஆங்கிலத்தில் அந்த வேருக்குச் 'சே ரூட்' என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான்.

இனிச் செய்முறை. செய்து பார்த்தால்தான் முடிச்சு என்ற சொல்லின் பொருத்தம் தெரியும்.

துணி நூறு விழுக்காடு பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் கலந்ததில் நாம் இங்கே பயன்படுத்தும் சாயம் சரியாகப் பிடிக்காது, வெளிறிப்போகும். புதுத்துணியில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, உலர்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால் கஞ்சி போகவில்லை, மறுபடியும் அலசுங்கள். உடனே உறிஞ்சினால் துணி தயார்.

வீட்டுக்கு ஏற்றது குளிர்நீரில் பிடிக்கும் ரியாக்டிவ் சாயம், அதாவது இழையோடு வேதிவினையால் பிணையும் சாயம். 100 கிராம் துணிக்கு, அதாவது ஐந்தாறு கைக்குட்டைக்கு, 2 லிட்டர் தண்ணீர், 3 கிராம் சாயத்தூள், 100 கிராம் உப்பு, 20 கிராம் சோடா ஆஷ் (நீரற்ற சலவைச் சோடாத்தூள்). கருநீலம், அரக்கு போன்ற அடர்ந்த நிறத்துக்குச் சாயத்தூளை 6 கிராம் வரை கூட்டலாம். படிகமாகக் கிடைக்கும் சலவைச் சோடாவில் நீர் சேர்ந்திருப்பதால் அது 54 கிராம் வேண்டும். ஆப்பசோடா உதவாது. அதன் காரம் போதாது, சாயம் இழையோடு பிணையாமல் முதல் அலசலிலேயே போய்விடும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானால் நிறம் மங்கும், புள்ளி புள்ளியாகத் திட்டும் விழும். மழைநீரோ வடிகட்டிய நீரோ எடுங்கள். தூளைக் கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், ஏனென்றால் இந்தத் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கெடுதல். சமையல் பாத்திரம் எதையும் இதற்குத் தொடாதீர்கள்.

முடிச்சுப் போடுவதற்கு முன் துணியை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். காய்ந்த துணி தாகத்தோடு சாயத்தைக் கட்டுக்குள்ளும் இழுத்துவிடும். புள்ளி வேண்டிய இடத்தில் துணியை நகநுனியால் கூம்பாகத் தூக்கி, நுனிக்குச் சற்றுக் கீழே நூலை ஆறேழு சுற்று நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பாலியெஸ்டர் தையல்நூல் நல்லது, அது சாயத்தைக் குடிக்காது. நூலை அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்குக் கொண்டுபோங்கள். கடைசியில் துணியை இரண்டு பக்கமும் குறுக்காக இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று வரிசையாகத் தாமே கழன்றுவிடும். கத்தரியால் வெட்டப்போனால் நூலோடு துணியும் ஓட்டையாகும். புள்ளிகள் ஒரே அளவில் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பச்சைப்பயறை வைத்துக் கட்டலாம்.

எங்கே புள்ளி வைப்பது என்பதற்குக் கோலம் தெரிந்தவர்கள் தனியாக எதையும் கற்க வேண்டியதில்லை. நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் துணிக்கும் அப்படியே பொருந்தும். நான்காக மடித்த துணியில் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ.க்குக் குறைந்தால் பக்கத்து முடிச்சுகள் ஒன்றையொன்று இழுத்து வரிசை கோணும். மூலைவாட்டில் துணியைச் சுருட்டி இடைவிட்டுக் கட்டினால் ராஜஸ்தான் லஹரியாவின் சாய்ந்த கோடுகள் வரும். ஊசியால் ஓட்டத்தையல் போட்டு நூலைச் சுருக்கி இறுக்கினால் இலை, மாங்காய் என்று நினைத்த கோட்டு வடிவம் கிடைக்கும்.

சாயத்தையும் உப்பையும் கரைத்த நீரில் முடிச்சிட்ட துணியை 20 நிமிடம் வைத்து, துணியை ஒதுக்கிவிட்டு, தனியே கரைத்த சோடாவை ஊற்றிக் கலந்து, மறுபடியும் முக்கி 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். சோடா சேர்ந்த கரைசல் நாளைக்கு ஆகாது. துணி இல்லாவிட்டாலும் சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து செத்துவிடும்.

இரண்டு மூன்று நிறம் வேண்டுமென்றால் வரிசைதான் முக்கியம். வெளிர் நிறம் முன்னால், அடர்நிறம் பின்னால். வெள்ளையாக இருக்க வேண்டியதை முதலில் கட்டி மஞ்சளில் முக்குங்கள். தண்ணீரில் அலசிப் பிழிந்து, பழைய முடிச்சை அவிழ்க்காமல், மஞ்சளாக நிற்க வேண்டியதைக் கட்டிச் சிவப்பில் முக்குங்கள். பிறகு சிவப்பாக நிற்க வேண்டியதைக் கட்டி அரக்கில் முக்குங்கள். எல்லாவற்றையும் கடைசியில் ஒன்றாக அவிழ்த்தால் அரக்கு உடலில் வெள்ளை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு நிறமும் முந்தையதன் மேல்தான் ஏறுகிறது என்பதை மறக்கவே கூடாது. மஞ்சள் மேல் நீலம் ஏறினால் பச்சைதான் கிடைக்கும், நீலம் கிடைக்காது. சிவப்பு மேல் பச்சை ஏறினால் சேற்று நிறம்.

புள்ளி மங்கலாக, ஓரம் கரைந்து வந்தால் காரணம் பெரும்பாலும் நூலின் தொய்வு. சில சமயம் சுற்றுகளுக்கு இடையில் விட்ட இடைவெளி. வெள்ளைப் புள்ளி இளஞ்சிவப்பாகி விட்டால் குற்றம் முடிச்சில் இல்லை, அலசலில் இருக்கிறது. பிடிக்காத சாயம் துணியில் மிச்சமிருக்கும்போதே அவிழ்த்து வெந்நீரில் போட்டிருப்பீர்கள். முடிச்சோடு குளிர்ந்த நீரில் தண்ணீர் ஏறக்குறையத் தெளியும்வரை அலசி, பிறகு அவிழ்த்து இன்னொரு முறை அலசி, அதன்பின் சோப்பு கலந்த வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைப்பதுதான் முறை. நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் வாளி சிறியது அல்லது துணியைக் கிளறவில்லை. கெட்டுப்போன துணியைத் தூக்கிப் போட வேண்டாம். மேலும் சில முடிச்சுகள் போட்டு இன்னும் அடர்ந்த நிறத்தில் முக்கினால் திட்டுகள் அடியில் போய்விடும்.

கடையில் 'டை அண்ட் டை' என்று ஒரு சேலையை விரித்தால் உண்மையில் முடிச்சுச் சாயம்தானா என்று பார்க்க அதிக நேரம் ஆகாது. புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வெள்ளை வளையத்தின் நடுவே பொட்டாக உடல் நிறம் தெரியும், ஏனென்றால் கட்டுக்கு மேலே நின்ற கூம்பு நுனி சாயத்தில் நனைந்திருக்கும். தேய்க்காத துணியானால் முடிச்சிருந்த இடம் மெல்லப் புடைத்து நிற்கும். பின்பக்கத்திலும் நிறம் அதே அழுத்தத்தில் இருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக இருந்து, பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சுத்துணி, அச்சுத்துணிக்குரிய விலைக்கே கேளுங்கள்.