பழைய படகு எஞ்சினில் ஒயர் எப்படிக் கெடுகிறது, எப்படி மாற்றுவது

பழைய அவுட்போர்டு எஞ்சினின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) மேல்மூடியைக் கழற்றி, ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரத்துக்குக் கீழேயிருந்து வெளியே வரும் ஒயர் ஒன்றை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். நல்ல ஒயர் வளையும். வயதான ஒயரின் மேலுறை சுள்ளி போல ஒடியும். ஒடிந்த இடத்தில் தெரியும் செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருக்கும். பிஸ்டன், சிலிண்டர், கியர் எல்லாம் இன்னும் பல வருடம் உழைக்கும் நிலையில் இருந்தும், இப்படிப்பட்ட நாலைந்து ஒயர்களால் மூலையில் தள்ளப்பட்ட எஞ்சின்கள் நிறைய. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை. எந்த ஒயர் என்ன வேலை செய்கிறது, ஏன் கெட்டது என்று புரிந்துகொண்டால், பொறுமை உள்ள யாரும் இதைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் ஸ்பார்க் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஃப்ளைவீலின் உள்விளிம்பில் காந்தங்கள் இருக்கும். அது சுழலும்போது, அடியில் அசையாமல் நிற்கும் காயில்களில், அதாவது கம்பிச் சுருள்களில், மின்சாரம் உண்டாகிறது. இதற்கு பேட்டரி தேவையில்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சின்கள் பேட்டரியே இல்லாமல் ஓடுவது இதனால்தான். பாயின்ட் என்ற திறந்து மூடும் சுவிட்சும் கண்டென்சரும் வைத்த மிகப் பழைய எஞ்சின்களுக்கு அடுத்து வந்த சி.டி.ஐ. (கபாசிட்டர் டிஸ்சார்ஜ் இக்னிஷன்) வகையில், சார்ஜ் காயில் தரும் மின்சாரம் சுமார் 200, 300 வோல்ட் வரை, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஒரு கபாசிட்டரில் சேர்கிறது. ட்ரிகர் காயில் சரியான நொடியில் சிறு சிக்னல் கொடுத்ததும், சேர்ந்தது மொத்தமும் ஒரே பாய்ச்சலாக இக்னிஷன் காயிலுக்குள் இறங்கி, பல்லாயிரம் வோல்டாக ஏறி, பிளக்கின் முனையில் பொறியாகத் தாவுகிறது. நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 83 தடவை இது நடக்க வேண்டும்.

அப்புறம், எஞ்சினை நிறுத்துவது எப்படி? காரில் சாவியைத் திருப்பினால் இக்னிஷனுக்குப் போகும் கரண்ட் துண்டிக்கப்படும். இங்கே துண்டிப்பதற்கு வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. எஞ்சின் தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்கிறது. அதனால் ஸ்டாப் சுவிட்ச் நேர்மாறாக வேலை செய்கிறது. சார்ஜ் காயிலின் மின்சாரத்தை எஞ்சின் பாடியோடு, அதாவது எர்த்தோடு, சேர்த்துவிடுகிறது. கபாசிட்டர் நிரம்பாது, பொறி வராது, எஞ்சின் நின்றுவிடும். பல அமெரிக்க எஞ்சின்களில் இந்த ஸ்டாப் ஒயர் கறுப்பில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். சில ஜப்பானிய எஞ்சின்களில் வெள்ளை. எஞ்சின் ஓடும் நேரம் முழுவதும் இந்த ஒயரில் உயர் வோல்டேஜ் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதன் மேலுறை ஓர் இடத்தில் விரிசல் விட்டு உள்ளே உள்ள செம்பு பாடியைத் தொட்டாலே போதும், யாரோ சுவிட்சை அழுத்தியது போல எஞ்சின் செத்துவிடும். முழுதாகத் தொடவும் வேண்டாம். விரிசலில் உப்பு ஈரம் கசிந்திருந்தால், கபாசிட்டரில் சேர வேண்டியதில் கொஞ்சம் அந்த வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். ஈரமான காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்து, வெயில் ஏறியதும் ஒழுங்காக ஓடும் எஞ்சின்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ஒயரைத்தான். சோதிப்பதும் எளிது: கபாசிட்டர் இருக்கும் இக்னிஷன் பெட்டியிலிருந்து ஸ்டாப் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றிப் பாருங்கள். பொறி திரும்பி வந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது. குற்றவாளி ஒயரோ சுவிட்சோதான். ஒரே ஓர் எச்சரிக்கை. இந்த ஒயரில் தவறியும் பேட்டரியின் 12 வோல்டைக் கொடுத்துவிடாதீர்கள், இக்னிஷன் பெட்டி எரிந்து போகலாம். கார் சாவி சுவிட்சை எடுத்து இங்கே மாட்டுபவர்கள் செய்யும் தவறு இது.

சரி, மேலுறை ஏன் ஒடிகிறது? பெரும்பாலான ஒயர்களின் மேலுறை பி.வி.சி. அது இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். வளைந்து கொடுப்பதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். எஞ்சின் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. பெட்ரோலும் ஆயிலும் படும்போது கரைந்து வெளியேறுகிறது. கடைசியில் மிஞ்சுவது பழைய விறைப்பான பிளாஸ்டிக் மட்டுமே. சூட்டில் சிதையும் பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடையும் வெளியிடுகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். காக்க வேண்டிய உறையே செம்பை அரிக்கத் தொடங்கிவிடுகிறது.

உள்ளே செம்புக்கு நடப்பது இன்னும் மோசம். ஒயருக்குள் ஒற்றைக் கம்பி இருக்காது. மெல்லிய இழைகள் பல சேர்ந்திருக்கும். ஒற்றைக் கம்பியாக இருந்தால் எஞ்சின் அதிர்வில் சீக்கிரமே ஒடிந்துவிடும். ஆனால் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டெர்மினலில், அதாவது ஒயர் முனையில் மாட்டிய உலோக இணைப்பில், நுழைந்த ஒரு துளி, வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் உறைக்குள் ஒரு சாண் தூரம் ஏறிப் போயிருக்கும். அங்கே குளோரைடும் ஆக்சிஜனும் சேர்ந்து செம்பைக் களிம்பாக்குகின்றன. பச்சையைப் பார்த்ததும் டெர்மினலை மட்டும் வெட்டிப் புதிதாகப் போட்டால் சில மாதத்தில் அதே கதை திரும்பும். வெட்டிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும் வரை பின்னால் போக வேண்டும். ஒரு சாண் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் முழு ஒயரையும் மாற்றிவிடுவதே நல்லது.

இதில் பலரை ஏமாற்றுவது மல்டிமீட்டர். ஒயரின் இரு முனையிலும் வைத்தால் 'பீப்' என்று சத்தம் வரும், ஒயர் நல்லது என்று விட்டுவிடுவோம். 19 இழையில் 18 அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே 'பீப்'தான் வரும். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. அதற்கு ஓர் இழையே போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 100 ஆம்பியர் அளவில் வேண்டும். களிம்பு பிடித்த ஒரு டெர்மினலில் 0.02 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டரில் அது பூஜ்யம் போலவே தெரியும். ஆனால் 100 ஆம்பியர் பாயும்போது அந்த இடத்தில் 2 வோல்ட் காணாமல் போகும். 200 வாட் வெப்பம் அந்தச் சின்ன டெர்மினலில் இறங்கும். பல சால்டரிங் அயர்ன்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது போன்ற சூடு அது. அதனால் தடையை அளப்பதை விட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் சுழலும்போது வோல்டேஜை அளக்க வேண்டும். ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்ட்டிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் போல்ட்டிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் காட்டுவது முழுக்க வழியில் திருடுபோன வோல்டேஜ். எர்த் பக்கமும் இதே போல அளக்க வேண்டும். பாதி நேரம் கோளாறு அங்கேதான். செம்பு டெர்மினலும் அலுமினியப் பாடியும் உப்பு ஈரத்தில் சேரும்போது அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகி இடையில் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, அளப்பதற்காக மீட்டர் ஊசியை ஒயருக்குள் குத்தாதீர்கள். அந்த ஓட்டைதான் அடுத்த துளித் தண்ணீருக்கு வாசல்.

மாற்றும் வேலைக்கு வருவோம். பேட்டரியை, நெகட்டிவை முதலில் கழற்றி, விலக்கிவிடுங்கள்; மூடிக்குள் பெட்ரோல் ஆவி தங்கும், ஒரு சிறு பொறி போதும். எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். பழையதை மொத்தமாக உருவிப் போட்டுவிடாமல், ஒரு ஒயரைக் கழற்றி அதற்குப் புதியதைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். நிறமும் அதே நிறமாக இருக்கட்டும், பின்னால் வேலை செய்பவருக்கு அதுவே வழிகாட்டி. புதிய ஒயர், ஒவ்வொரு இழையிலும் வெள்ளீயம் பூசிய படகு ஒயராகவும் 105 டிகிரி செல்சியஸ் சூடும் ஆயிலும் தாங்கும் உறை கொண்டதாகவும் இருக்க வேண்டும். வெள்ளீயப் பூச்சு உப்பு நீரை நேரடியாகச் செம்பைத் தொடவிடாது. கனம் பழையதற்குக் குறையக் கூடாது.

இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, கிரிம்ப் செய்வதா (டெர்மினலைக் கருவியால் ஒயரின் மேல் நசுக்கி இறுக்குவது) என்ற விவாதம் தீராதது. நான் கிரிம்ப் பக்கம். நல்ல கிரிம்ப் கருவி இழைகளையும் டெர்மினலையும் காற்றுகூடப் புகாதபடி நெருக்கிவிடும். உருகிய ஈயமோ இழைகளுக்கு நடுவே ஏறிப் போய், ஒயரின் ஒரு பகுதியைக் கட்டை போல விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் அந்தக் கோட்டில்தான் அதிர்வு வந்து குவியும். ஒயர் அங்கேயே ஒடியும். கிரிம்ப் செய்ததும் பலமாக இழுத்துப் பாருங்கள். பிறகு, உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடு காட்டினால், பசை உருகி வழிந்து வாயை அடைத்துவிடும்.

ஃப்ளைவீலுக்கு அடியில் ஓடும் ட்ரிகர் ஒயர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். பல எஞ்சின்களில் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் திருப்பும்போது, ட்ரிகர் காயிலைத் தாங்கும் டைமிங் தட்டும் கூடவே திரும்பும். ஒவ்வொரு முறை வேகம் கூட்டிக் குறைக்கும்போதும் அந்த ஒயர்கள் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்கின்றன. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடித்தால் அங்கே பாருங்கள். மெல்லிய இழைகள் நிறைந்த, மிருதுவான ஒயரைப் போட்டு, ஒரு தளர்வான வளையம் விட்டு, தட்டைக் கடைசி வரை இரு பக்கமும் திருப்பி, ஒயர் எங்கும் இழுபடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஃப்ளைவீலை எடுக்க அதற்குரிய புல்லர் என்ற இழுப்புக் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தங்கள் பெயர்ந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினைத் தண்ணீரில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். வறட்டு ஓட்டத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழலும் இறக்கைச் சக்கரம்) கருகிவிடும். மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டுபவர் இடுப்பில் மாட்டும், ஸ்டாப் சுவிட்சோடு இணைந்த பாதுகாப்புக் கயிற்றைப் பிடுங்குங்கள். எஞ்சின் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சோக்கை மூடியோ பெட்ரோலை நிறுத்தியோ அணைத்துவிட்டு, ஸ்டாப் ஒயரைச் சுவிட்ச் முதல் எர்த் வரை மறுபடி பாருங்கள். எங்கோ அது எர்த்தைச் சேரவில்லை. அது சேரும் வரை அந்தப் படகைக் கரையைவிட்டு எடுக்கக் கூடாது.