டீச்சருக்குப் படிக்க மாதம் ஆயிரம்: எங்கே கைவிட்டுப் போகிறது?

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து டீச்சராக நினைக்கிற பிள்ளைகளுக்கு தமிழ்நாடு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் (2022 முதல்), பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் (2024 முதல்). வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். 'ரெண்டில் ஒன்றுதான்' என்று கவுன்ட்டரில் சொன்னால் நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள்.

வம்பு எல்லாம் '6 முதல் 12 வரை அரசுப் பள்ளி' என்ற ஒரே வரியில். அதுவும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. தளி, அஞ்செட்டியிலிருந்து பெங்களூருக்குப் பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளை ஆறாவதை அங்கே படித்திருந்தால் இந்தப் பணம் கிடைக்காது. ஒரு வருடம் மெட்ரிக்கில் சேர்த்துப் பார்த்த வீட்டிலும் அதே கதிதான். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளியில் கிடைக்கும் இலவச இடத்தில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கான சான்றை அந்தத் தனியார் பள்ளியில் இப்போதே வாங்கிவிடுங்கள். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் தமிழ்வழியாக இருக்க வேண்டும்.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். பணம் வராவிட்டால் கல்லூரி பேங்க்கைக் காட்டும், பேங்க் கல்லூரியைக் காட்டும். பாஸ்புக் இருந்தால் மட்டும் போதாது; அரசுப் பணம் விழும்படி ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பேங்க்கில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அப்புறம், டீச்சருக்குப் படிப்பவர்கள் ஏமாறும் இடம். இந்தப் பணம் முதல் படிப்புக்கு மட்டும். பி.எஸ்சி. முடித்து பி.எட். சேர்ந்தால் அந்த இரண்டு வருடமும் வராது. பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஆசிரியர் பட்டயப் படிப்புக்கு வரும், ஆனால் அதை வைத்து ஐந்தாவது வரைதான் பாடம் எடுக்கலாம். அஞ்சல்வழிப் படிப்புக்குக் கிடையவே கிடையாது.

பி.எட்.டுக்கு எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையை நம்பலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 'சீட் இருக்கு' என்று புரோக்கர் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டால் அதுவும் போச்சு. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு அலைச்சல்: எஸ்.டி. சான்றைத் தருவது தாசில்தார் இல்லை, அரூர் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). விசாரணை என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். அட்மிஷன் நேரத்தில் ஓடாமல், பத்தாவது படிக்கும்போதே இ-சேவை மையத்தில் மனுப் போட்டு ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அது கையில் இல்லாவிட்டால் 'ஃபைலே வரலை' என்று திருப்பி அனுப்புவார்கள்.