ஷார்ட் சர்க்யூட்: மின்கசிவா, குறுக்குச்சுற்றா?

'மின்கசிவால் தீப்பிடித்தது' என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். எழுதியவர் சொல்ல வந்தது பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட்டைத்தான். ஆனால் மின்கசிவு வேறு கோளாறு, ஷார்ட் சர்க்யூட் வேறு கோளாறு. ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் சர்க்யூட். இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது: 'கிர்கும்' என்றால் சுற்றி, 'ஈரே' என்றால் போவது. சுற்றிப் போவதுதான் சர்க்யூட். தமிழில் 'சுற்று' என்ற ஒரே சொல் வினையாகவும் பெயராகவும் நிற்பதால் 'மின்சுற்று' அச்சாகப் பொருந்திவிட்டது. வீட்டில் மின்சாரம் பேஸ் வயரில் வந்து, சுவிட்சைக் கடந்து, பல்புக்குள் வேலை செய்து, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. ஒவ்வொரு பல்புக்கும் விசிறிக்கும் இப்படித் தனிச்சுற்று உண்டு. இதைப் பக்க இணைப்பு என்பார்கள். ஒரு பல்பு போனால் மற்றவை அணையாமல் இருப்பது இதனால்தான்.

சரி, ஷார்ட் எப்போது ஆகிறது? பேஸும் நியூட்ரலும் நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல் நேராகத் தொட்டுக்கொள்ளும்போது. 230 வோல்ட் வரும் வீட்டில் அந்தப் பாதையின் மொத்தத் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வோல்ட்டைத் தடையால் வகுத்தால், 460 ஆம்பியர் பாயும். பல்பு வழியாகப் போக வேண்டிய மின்சாரம் குறுக்கு வழியில் பாய்ந்துவிடுகிறது. ஆகவே 'குறுக்குச்சுற்று'. 'குறுஞ்சுற்று' என்றும் எழுதுகிறார்கள், அதுவும் சரிதான். எனக்குக் குறுக்குச்சுற்றுதான் பிடிக்கும், 'குறுக்கு வழி' உடனே நினைவுக்கு வருவதால். ஷார்ட் ஆன சாக்கெட்டைக் கழற்றினால் நடந்தது அப்படியே தெரியும்: சுவரில் கரி, உருகி வழிந்த இன்சுலேஷன், செம்பு இழைகளின் நுனியில் சின்னச் சின்ன மணிகள்.

கசிவு இப்படிச் சட்டென்று நடப்பதில்லை. பானையில் நீர் கசிவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதுதான் கசிவு. ஹீட்டரின் உள்ளே இன்சுலேஷன் கெட்டு, மின்சாரம் அதன் உடம்புக்கு வந்து, அங்கிருந்து எர்த் வயரிலோ தொடுகிறவரின் உடல் வழியாகவோ தரைக்குப் போகிறதே, அதுதான் மின்கசிவு. தொட்டால் விறுவிறுவென்று இருக்கும், டெஸ்டர் மினுக்கும். 16 ஆம்பியர் பியூஸுக்கு இது உறைக்கவே உறைக்காது. ஆனால் வெறும் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சு வழியாகப் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. கசிவு நாள்பட்டுச் சூடேறித் தீயும் பிடிக்கலாம். அந்த ஒரு நிலையில் 'மின்கசிவால் தீ' என்று எழுதுவது சரியே.

இரண்டுக்கும் காவல் கருவிகளே வேறு. எம்சிபி என்பது மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்; பாயும் மின்சாரத்தின் அளவைப் பார்க்கும். ஆர்சிசிபி என்பது கசிவைக் கண்டால் அப்படி விழும் சுவிட்ச்; பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்க்கும். வீடுகளில் பெரும்பாலும் மாட்டுவது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்துவிடும் வகை. அதனால் கரண்ட் போனால் போர்டில் எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஆர்சிசிபி என்றால் அநேகமாக மின்கசிவு. எம்சிபி என்றால் குறுக்குச்சுற்று, இல்லையென்றால் ஒரே லைனில் தாங்க முடியாத லோடு. அந்த லோடுக்குத் தமிழில் 'மிகைச்சுமை' என்ற சொல் இருக்கிறது.